ஒரு நிமிடம் முன்னால்

கார் ரேஸ் ஓட்டும் அந்த அக்காவை ஜிஎஸ்டி ரோட்டில் யார் வேண்டுமானாலும் முந்திக்கொண்டு போகலாம். ஷேர் ஆட்டோ முந்தும், தண்ணீர் லாரி முந்தும். குரோம்பேட்டையில் ஒருமுறை பழைய பேப்பர்காரரின் மூன்று சக்கர வண்டியே முந்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் மானம் போனது. அக்கா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முள் நாற்பதில் நிற்கிறதா என்று பார்த்தபடி நிதானமாக ஓட்டினார்.

"அக்கா, நீங்க நிஜமாவே ரேஸ்ல ஓட்டறீங்களா?"

"ஓட்டறேனே."

"எத்தனை தடவை ஜெயிச்சிருக்கீங்க?"

"இன்னும் இல்ல" என்றார், பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்வதைப் போல.

எனக்குப் பிறவியிலேயே அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் குணம். விடுவேனா?

நாங்கள் இருவரும் மறைமலை நகரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். பிரேக்குக்குள் போகும் சின்னச் சின்ன உருளைகளைச் செய்யும் இடம். இன்ஸ்பெக்ஷன் ரூமில் பக்கத்துப் பக்கத்து மேஜை. உருளையை எடுத்து அளந்து, சரியாக இருந்தால் பச்சைத் தட்டு, இல்லாவிட்டால் சிவப்புத் தட்டு. தடிமன் கூடினாலும் சிவப்பு, குறைந்தாலும் சிவப்பு. எனக்கு மூன்றாம் மணி நேரத்தில் கொட்டாவி வந்துவிடும். அக்காவோ சாயங்காலம் வரை ஒவ்வொரு உருளையையும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மெலிந்த உருவம், எண்ணெய் தடவி வழித்து வாரிய தலை, ஆண்கள் கட்டும் பெரிய டயல் வாட்ச். அவரைப் பார்த்தால் சீட்டுக் கம்பெனியில் கையெழுத்துப் போட வந்தவர் என்று நினைப்பீர்களே தவிர, ரேஸ்காரி என்று தலையில் அடித்துச் சொன்னாலும் நம்பமாட்டீர்கள்.

அவர் தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறுவார், நான் பெருங்களத்தூரில். நான் ஏறியதும் வாரப் பத்திரிகையைப் பிரித்து, மறைமலை நகர் வரை தலை நிமிராமல் படிப்பேன். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"ஓடற வண்டியில படிச்சா உனக்குத் தலை சுத்தாதா?"

"சுத்தாதே."

"வாந்தி?"

"எனக்கா? கொடைக்கானல் பஸ்லயே கதைப் புத்தகம் படிச்சவ நான்."

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ற?"

என் வாழ்க்கையில் ஒரு தகுதிக்காக என்னைத் தேடி வந்தவர் அவர் ஒருவர்தான். அந்தத் தகுதி வாந்தி எடுக்காமல் இருப்பது.

அவருக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல ஓர் ஆள். அவருடைய வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்தவர், ஒரே ஒரு முறை அந்த வேலையைப் பார்த்திருக்கிறார். மண்ணிவாக்கத்தில் ஆரம்பித்த வாந்தி படப்பை வரை நிற்கவில்லையாம். வழிக் காகிதமே பாழாகிவிட்டது. அவருக்குப் பிறகு வழி சொன்ன அக்காவின் தம்பியும் வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டான்.

"இது ரேஸ் மாதிரி ரேஸ் இல்லம்மா. ரேலி" என்று விளக்கினார். "காலையில ஒரு பேப்பர் குடுப்பாங்க. எந்த வழி, எவ்வளவு ஸ்பீடுன்னு அதுல போட்டிருக்கும். வழியில அங்கங்க ஒரு மேஜை போட்டு ஆள் உட்கார்ந்திருப்பான். எந்த நிமிஷம் அவனைத் தாண்டணுமோ, அந்த நிமிஷம் தாண்டணும்."

"லேட்டா போனா?"

"குத்தம். நிமிஷத்துக்கு ஒரு பாயின்ட்."

"சீக்கிரம் போனா?"

"அது இன்னும் பெரிய குத்தம். ரெண்டு பாயின்ட்."

"நல்ல ரேஸ்க்கா இது. எங்க மாமியார் வீட்டுச் சட்டம் மாதிரி இருக்கு."

அக்கா சிரிக்கவில்லை. "பாயின்ட் ஏறாம வரணும். ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் முட்டை. அதுதான் என் ஆசை" என்றார். உலகமே முட்டைக்குப் பயப்படுகிறது. முட்டை வாங்க வேண்டும் என்று பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்த ஒரே ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். சரி, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று கிளம்பிவிட்டேன்.

கார் பழசு. வெள்ளை நிறம், கதவை இரண்டு தடவை சாத்த வேண்டும், ஏசி கிடையாது. வெயில் நாளில் எஞ்சின் சீக்கிரம் சூடாகிவிடும் என்பதால் வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் அணைத்துவிடுவார். என் மடியில் ஒரு அட்டை, வழிக் காகிதம், கால்குலேட்டர். "அடுத்த பிரிவுல இடது. ஒன்று புள்ளி ரெண்டு கிலோமீட்டர். ஸ்பீடு முப்பத்திரண்டு" என்று நான் படிக்க, அக்காவின் கால் அதற்கேற்பக் கொஞ்சம் அழுத்தும், கொஞ்சம் தளரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று போனவள் இரண்டு வருடம் போனேன். கிழக்குத் தாம்பரத்துக்குப் பின்னால் இத்தனை ஏரிகள் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த மேஜைகளுக்கு ஒரு விதி உண்டு. மேஜை கண்ணில் பட்டபின் வண்டியை நிறுத்தக்கூடாது. சீக்கிரம் வந்துவிட்டால் வளைவுக்கு இந்தப் பக்கமே மறைவாக நின்று, நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். நேரம் வரும்வரை மறைவில் நிற்பது அக்காவின் ரத்தத்தில் ஊறிய பழக்கம். ரேலி இல்லாத நாளிலும் அப்படித்தான்.

எங்கள் சூப்பர்வைசர் மகள் ரிசப்ஷன் குரோம்பேட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பத்திரிகையில் மாலை ஆறரை என்று போட்டிருந்தது. நம் ஊரில் ஆறரை என்றால் எட்டு என்று குழந்தைக்கும் தெரியும். அக்கா ஆறு பத்துக்கே வந்து, மண்டபத்துக்கு எதிரில் இல்லாமல் தெருமுனை மருந்துக்கடை ஓரமாக நின்றிருக்கிறார். ஆறரைக்கு உள்ளே நுழைந்தபோது, அங்கே நாற்காலி போடும் பையன்களும் வாட்ச்மேனும்தான். 'பொண்ணு வூடா, மாப்ள வூடா?' என்று வாட்ச்மேன் கேட்டாராம். நான் எட்டு மணிக்குப் போனபோது அக்கா முதல் வரிசையில் தனியாக, பரிசுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடியே வந்துட்டீங்கன்னா உள்ள போய் உட்கார வேண்டியதுதானே? எதுக்கு ரோட்டுல இருபது நிமிஷம்?" என்று கேட்டேன்.

"அவங்க நம்மள ஆறரைக்குத்தான் கூப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடி போறது, கூப்பிடாத வீட்டுக்குப் போற மாதிரி" என்றார்.

கம்பெனியில் அவருக்கு ஆமை என்று பட்டப்பெயர். அவருக்கும் தெரியும். "ஆமைக்கு அவசரம் இல்ல, அவ்வளவுதானே" என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ரேலி முடிந்ததும் ஒரு நீல நோட்டைக் கார் மூக்கின் மேல் விரித்துவைத்து எழுதுவார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். ஓட்டியவர், வழி சொன்னவர், வர வேண்டிய நேரம், வந்த நேரம். கடைசிக் கட்டம் 'காரணம்'. ஒரு தடவை நான் வலது என்பதற்குப் பதில் இடது என்று படித்துவிட்டேன். மணிமங்கலம் போய்ச் சுற்றிக்கொண்டு வந்ததில் பதினோரு நிமிடம் போயிற்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா திட்டவே இல்லை. சாயங்காலம் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். 'திரும்பக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை' என்று எழுதினார். நோட்டு முழுக்க அப்படித்தான். காரணம் மாடு, காரணம் மழை, காரணம் என் கால், காரணம் நான். வேறு மனிதர் யாரும் அந்தக் கட்டத்தில் வரவே இல்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

சித்திரை வெயில். ஏழு மேஜைகள். ஆறைத் தாண்டியபோது எங்கள் கணக்கில் ஒரு பாயின்ட்கூட ஏறவில்லை. அக்கா வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று இருவருக்குமே பயம். கடைசி மேஜை படப்பைக்கு உள்ளே தள்ளி ஓர் ஏரிக்கரையில். பதினொன்று நாற்பத்திரண்டுக்குத் தாண்ட வேண்டும். வளைவுக்கு இந்தப் பக்கம் நாங்கள் வந்து நின்றபோது நாற்பது ஆகவில்லை. வண்டியை அணைத்துவிட்டு நியூட்ரலில் போட்டு அக்கா வாட்ச்சைப் பார்த்தார். இன்னும் ஒன்றரை நிமிடம் சும்மா இருந்துவிட்டுக் கிளம்பினால் பத்து வருட ஆசை கைக்கு வந்துவிடும்.

பக்கத்தில் ஒரு சின்ன மாதாகோயில் இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள். வெள்ளை வேட்டி, பட்டுப் புடவை, தலையில் முக்காடு, கையில் பைபிள். உச்சி வெயிலில் ஒரு பழைய காருக்குள் இரண்டு பெண்கள் வியர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தால் அவர்கள் என்னதான் நினைப்பார்கள்?

"இன்னாமா, வண்டி நின்னுபூச்சா?" என்று ஒரு பெரியவர் குனிந்தார்.

"இல்லங்க ஐயா. சும்மாதான் நிக்கிறோம். டைமுக்காக."

"இந்த வெயில்ல எவனாச்சும் சும்மா நிப்பானா? கூச்சப்படாத தாயி." திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ, வாங்கடா, ஒரு கை குடுங்க! பொம்பளைங்க ரெண்டு பேரும் தனியா மாட்டிகினு கீறாங்க."

"ஐயா, வேணாங்க" என்று நானும் கத்தினேன். அவர் தன் பைபிளை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். "இத்தக் கொஞ்சம் புடிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார். ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு தள்ளு தள்ளினார்கள். முன்னால் ஏரிக்கரை இறக்கம் வேறு. வண்டி உருண்டது.

"பிரேக்! அக்கா, பிரேக்!"

அக்கா தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். கால் பிரேக்குக்குப் போகவில்லை. வண்டி வளைவைத் தாண்டியது. மேஜையும் குடையும் கண்ணில் பட்டன. இனி நிறுத்தவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் ஒரு கூட்டமே ஆரவாரத்தோடு தள்ள, நாங்கள் மேஜைக்கு எதிரே போட்டிருந்த கோட்டைத் தாண்டினோம். நான் அக்காவின் வாட்ச்சைப் பார்த்தேன். பதினொன்று நாற்பத்தொன்று.

மேஜையில் இருந்தது ஒரு காலேஜ் பையன். இந்தக் கூத்தைப் போனில் படம் பிடிக்க எழுந்தவன் கடிகாரத்தைப் பார்க்கத் தவறிவிட்டான். கார்டில் நேரம் எழுதி வாங்குவது என் வேலை. நான் இறங்கி அவனிடம் போவதற்குள் மேஜைக் கடிகாரம் நாற்பத்திரண்டுக்கு மாறிவிட்டது.

"அக்கா, ஸாரிக்கா, நீங்க தாண்டினப்ப டைம் பாக்கல. எவ்வளவு? நாப்பத்திரண்டா?"

ஒரு கையில் கார்டு, இன்னொரு கையில் அந்தப் பெரியவரின் பைபிள்.

"நாப்பத்திரண்டு" என்றேன்.

பெரியவர் வந்து பைபிளை வாங்கிக்கொண்டு, "கர்த்தர் துணை" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்கா ஒவ்வொருவராகக் கும்பிட்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். காரில் ஏறியதும் கேட்டார்.

"என்ன எழுதினான்?"

"நாப்பத்திரண்டுக்கா. முட்டை! முழு முட்டை!"

"ம்" என்றார்.

சாயங்காலம் வண்டலூர்ப் பக்கம் ஒரு ஓட்டலில் கைதட்டலோடு கோப்பை கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சலை வாங்கி வைத்துக்கொள்கிறவர்போல அக்கா அதை வாங்கினார். அன்று அவர் என் முன்னால் நோட்டை விரிக்கவில்லை.

அவருக்காகத்தான் பொய் சொன்னேன். அதில் சந்தேகமில்லை. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே எங்கே கேட்டுவிடுவாரோ என்று இருக்கும். அவர் கேட்கவே இல்லை, அது அதைவிட மோசம். இரண்டு மாதம் கழித்து, "அடுத்த மாசம் ஒண்ணு இருக்கு, வர்றியா?" என்றார். பையனுக்குப் பரீட்சை என்றேன். அடுத்த தடவை மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றேன். மூன்றாவது தடவை நான் காரணம் தேடுவதைப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, முடியறப்ப வா" என்றார். பிறகு எனக்கு ஒரகடத்தில் வேறு வேலை கிடைத்தது. பஸ் மாறியது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் வாழ்த்து அனுப்பிக்கொள்வதோடு சரி. முட்டைதான் கிடைத்தாகிவிட்டதே, ரேலியை விட்டிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஏழு வருடம் ஓடியது. போன ஆடியில் பழைய கம்பெனி தோழி ஒருத்தி போன் செய்து அக்கா போய்விட்டதாகச் சொன்னாள். மாரடைப்பு. ஐம்பத்தாறு வயது. தகவல் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பதிமூன்றாம் நாள் காரியத்துக்குத்தான் போனேன். பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கே அக்கா வீடு இருக்கும் ராஜகீழ்ப்பாக்கம் போய்விட்டேன். கால்கள் வாசலுக்குப் போகாமல் தெருமுனையில் அயர்ன் வண்டி ஓரமாக நின்றன. யாரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று புரிந்தபோது, அங்கேயே நின்று அழுதேன். அயர்ன்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

பத்தரைக்கு உள்ளே போனேன். அவர் வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீதாம்மா கரெக்டா வந்திருக்கே" என்றார். அலமாரியில் சின்னச் சின்னப் பதக்கங்கள் இருந்தன, கலந்துகொண்டதற்கான சான்றிதழ்கள் இருந்தன. அந்தக் கோப்பை இல்லை. என் மூக்கு சும்மா இருக்குமா?

"சார், ஒரு பெரிய கப் வாங்கினாங்களே, அது எங்க?"

அவர் உள்ளே போய் நீல நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுல நிறைய உன் பேர்தான். நீயே வச்சுக்கோ."

நான் நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போனேன். ஏழாவது மேஜை. வர வேண்டிய நேரம் 11.42. வந்த நேரம் 11.41. காரணம்: 'பெரியவர் காரின் பின்பக்கக் கண்ணாடியில் மார்பை வைத்துத் தள்ளுகிறார். பிரேக் போட்டால் அவருக்கு அடிபடும். போடவில்லை.' கீழே வேறு மையில் இரண்டு வரி. 'கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். என் வாட்ச்சைப் பார்த்துத்தான் நாற்பத்திரண்டு என்று சொல்லிவிட்டோம், அது தப்பாக ஓடியது என்று சொன்னேன்.'

அந்த வாட்ச் ஒருநாளும் தப்பாக ஓடியதில்லை. நேரத்தைப் பற்றி அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய்யை எனக்காகச் சொல்லியிருக்கிறார்.

பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த ரேலிக்குக் கோடு போட்டு வைத்திருந்தார். ஓட்டியவர் என்ற இடத்தில் 'நான்'. வழி சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர். மற்றக் கட்டங்கள் வெறுமை. அதற்கு அடுத்த பக்கமும் அப்படியே, அதற்கு அடுத்ததும். ஐந்து பக்கங்கள் எண்ணினேன். மேலே எண்ண முடியவில்லை.

"வேற யாரையாவது கூட்டிட்டுப் போயிருக்கலாமே, சார்."

"நானும் சொன்னேம்மா. கேட்டாத்தானே? 'அவ வருவா, அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்'னுட்டா. வண்டி பின்னாடிதான் நிக்குது."

அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. "சார், அன்னைக்கு டைம் நாப்பத்தொண்ணு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. "தெரியும்மா. நீயே வந்து சொல்லுவேன்னு அவளுக்கும் தெரியும். எப்பன்னு மட்டும்தான் அவளால கணக்குப் போட முடியல" என்றார். உள்ளே யாரோ இலை போட்டாகிவிட்டது என்று கூப்பிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். என் பெயர் இருந்த அந்த வெறும் பக்கத்தில், வர வேண்டிய நேரத்துக்கு என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வந்த நேரம் என்ற இடத்தில் 10.30 என்று போட்டேன். காரணம் என்ற கட்டத்தில், அவர் எழுதுவதைப் போலவே, 'நான்' என்று எழுதினேன்.